சிவப்பு டேப் ஒட்டிய மவுஸ்

கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனிலிருந்து தொழிற்பேட்டைக்குப் போகிற ரோட்டில், டயர் கடைக்கும் பிரியாணிக் கடைக்கும் நடுவில் அந்த சென்டர் இருந்தது. போர்டு வெயிலில் வெளுத்துப் போய், ஜெராக்ஸ் என்கிற ஒரு சொல் மட்டும்தான் மிச்சம். அதை நடத்தியவரை ஊரே சென்டர் அக்கா என்று கூப்பிட்டது. அவருடைய பெயர் எனக்குத் தெரியும். இங்கே எழுதப் போவதில்லை. அந்தப் பெயரை அவருடைய தெருவிலேயே ஒருமுறை தலைகுனிய வைத்தவன் நான். இன்னொரு தடவை அதை இழுத்து வந்து காகிதத்தில் வைக்க மனசு வரவில்லை.

அவரிடம் ஒரே கம்ப்யூட்டருக்கு இரண்டு மவுஸ் இருக்கும். ஒன்று அவர் கைக்குப் பக்கத்தில். இன்னொன்று நீள வயரோடு மேஜையின் இந்தப் பக்கம், வருகிறவர்கள் உட்காரும் ஸ்டூலுக்கு எதிரே, பழைய காலண்டர் அட்டை மேல் கிடக்கும். அதன் முதுகில் எலக்ட்ரீஷியன்கள் வயருக்குச் சுற்றுகிற சிவப்பு டேப். ஃபார்ம் முழுவதையும் அக்காதான் நிரப்புவார். பெயர், பிறந்த தேதி, போட்டோ, கையெழுத்து எல்லாவற்றையும் அவரே ஏற்றுவார். கடைசியில் 'சப்மிட்' பட்டன் வந்து நின்றதும், தன் மவுஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொள்வார்.

"படி. மேலேர்ந்து கீழ வரைக்கும் வாய்விட்டுப் படி. படிச்சிட்டு நீ அமுக்கு."

இது எல்லோருக்கும்தான். சின்னவன் பெரியவன், அவசரம் ஆத்திரம், எதுவும் செல்லாது. "நீங்களே அமுக்கிடுங்கக்கா, புண்ணியமாப் போவும்" என்று யாராவது சொன்னால் அவர் முகம் சட்டென்று மாறிவிடும். "என் விரல்ல இன்னா வச்சிக்குது? உன் பேரு, உன் ஊரு, உன் காயிதம். நீ அமுக்கு" என்பார். அதற்கு மேல் பேச்சு இல்லை.

பழவேற்காட்டிலிருந்து கருவாட்டு வியாபாரி ஒருவர் பாஸ்போர்ட்டுக்கு வந்திருந்தார். பாய் பெரிய ஆள். வெளியே அவருடைய வேன் ஓடிக்கொண்டே நின்றது. கடை முழுக்கக் கருவாட்டு வாசனை.

"இன்னாம்மா பேஜாரு இது? எனக்கு மார்க்கெட்டுக்கு டைம் ஆவுது. நீயே தட்டிவுடு."

"நான் தட்டமாட்டேன் பாய். படிங்க."

"படிச்சா இன்னா வருது?"

"படிங்க, இன்னா வருதுன்னு பாப்போம்."

பாய் முணுமுணுத்துக்கொண்டே படித்தார். பிறந்த தேதிக்கு வந்ததும் நின்றார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மறுபடியும் போட்டுக்கொண்டார். "யாரும்மா இதைச் சொன்னது? இது என் தம்பி பொறந்த வருசம்!" என்று கத்தினார். வீட்டில் அவசரத்தில் தம்பியின் சர்ட்டிபிகேட்டைத் தூக்கிக்கொண்டு வந்தவரே அவர்தான். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் அக்காவுக்கு ஒரு பொட்டலம் நெத்திலிக் கருவாடு கொடுத்துவிட்டுப் போவார்.

வடக்கிலிருந்து வந்து மில்லில் வேலை செய்கிற பையன்கள் பி.எஃப். பணம் எடுக்க வருவார்கள். பாதிப் பேருக்குப் படிக்கத் தெரியாது. அக்காவுக்குத் தெரிந்த இந்தி பத்துச் சொல் இருக்கும். அந்தப் பத்தையும் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகச் சொல்லி, அவன் "ஹாங்" என்று தலையாட்டினால்தான் அடுத்த வரிக்குப் போவார். கடைசியில் சிவப்பு மவுஸை அவன் பக்கம் தள்ளி, "தும் தபாவோ" என்பார். இரும்புத் தூள் ஏறிய விரல்கள் அந்த மவுஸை பயந்து பயந்து தொடும். எனக்கு ஜெராக்ஸ் எடுக்க நேரமாகிக்கொண்டிருக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பேன்.

ஒரு தடவை கல்யாணப் பதிவுக்கு ஒரு ஜோடி வந்தது. எல்லாம் நிரப்பி முடித்து, "படிச்சிட்டு அமுக்குப்பா" என்றதும், மாப்பிள்ளைப் பையன் மவுஸைப் பிடித்தபடி திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். அந்தப் பெண் அவன் விலாவில் இடித்தாள். அவன் அசையவில்லை. அக்கா சாவகாசமாக, "நீ வெளிய போய் ஒரு டீ குடிச்சிட்டு வாம்மா" என்று அவளை அனுப்பிவிட்டு அவனிடம், "பத்து நிமிசம் தரேன். அமுக்கணும்னு தோணிச்சினா அமுக்கு, இல்லாங்காட்டி எழுந்து போ. என் கடையில நின்னுகினு அழுவாத" என்றார். அன்றைக்கு அவர்கள் போய்விட்டார்கள். மூன்று வாரம் கழித்து இரண்டு பேரும் வந்தார்கள். அவன் நெற்றியில் குங்குமம். வந்த உடனே மவுஸைப் பிடித்துவிட்டான். கடையே சிரித்தது. அக்காவும் சிரித்தார். ஆனாலும் அவனைப் படிக்க வைத்துவிட்டுத்தான் விட்டார்.

இந்த வீம்பு எனக்கு அப்போது பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்தது. ஒரு கிளிக். அதற்கு இத்தனை சடங்கா?

நான் அப்போது எம்.எஸ்ஸி. முதல் வருஷம், சுற்றுச்சூழல் அறிவியல். காலேஜ் திருவள்ளூர்ப் பக்கம். காலையில் ட்ரெயின் ஏறி, சென்ட்ரலில் மாறி, மறுபடியும் ட்ரெயின். எங்கள் வீட்டில் பன்னிரண்டாவது தாண்டியவன் நான்தான் முதல். அப்பா மில்லில் லோடு தூக்குகிறவர். அம்மாவுக்கு நான் என்ன படிக்கிறேன் என்பது இன்றுவரை வாயில் நுழையவில்லை. "தண்ணி டாக்டருக்குப் படிக்குது" என்று பக்கத்து வீட்டில் சொல்லிவைத்திருந்தார்.

அந்த முதல் வருஷத்திலேயே கைடு சார் கூப்பிட்டு, கோயம்புத்தூரில் ஒரு கான்பரன்ஸ் வருகிறது, அப்ஸ்ட்ராக்ட் அனுப்பு என்றார். செய்த ஆராய்ச்சியை இருநூற்றைம்பது சொல்லுக்குள் சுருக்கி எழுதி அனுப்ப வேண்டும். அதைப் படித்துப் பார்த்துத்தான் வந்து பேசச் சொல்லிக் கூப்பிடுவார்கள். "ஃபர்ஸ்ட் இயர்லயே கான்பரன்ஸுக்கு செலக்ட் ஆனவன் நம்ம டிபார்ட்மென்ட்ல எவனும் இல்லப்பா" என்று தோளில் தட்டினார். அந்தத் தட்டல் இரண்டு நாளைக்குத் தோளிலேயே இருந்தது.

வேலை இதுதான். கும்மிடிப்பூண்டியைச் சுற்றி ஜனங்கள் குடியிருக்கிற தெருக்களில் பன்னிரண்டு போர்வெல்களில் தண்ணீர் எடுத்து, லேபில் கொடுத்துப் பார்க்க வேண்டும். மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, குழாயில் தேங்கிய பழைய தண்ணீரை வெளியேற்றிவிட்டு, அந்தத் தண்ணீராலேயே பாட்டிலை மூன்று முறை கழுவிவிட்டுப் பிடிக்க வேண்டும். மணவாள நகர் நண்பன் ஒருவன் ஒரு சீனியரின் பழைய அப்ஸ்ட்ராக்டைக் கொடுத்தான். இந்த முறையெல்லாம் அதிலேயே அழகான இங்கிலீஷில் இருந்தது. அப்படியே எடுத்துப் போட்டுக்கொண்டேன்.

ஏழாவது போரில்தான் வந்தது வினை. மோட்டார் ரூம் பூட்டியிருந்தது. சாவி வைத்திருக்கிற ஆள் சூலூர்ப்பேட்டையில் கல்யாணத்துக்குப் போயிருக்கிறார் என்றார்கள். மே மாத வெயில். அப்பாவிடம் கெஞ்சி வாங்கி வந்த டி.வி.எஸ். ஃபிஃப்டி. ஐஸ் பெட்டியில் ஐஸ் கரைந்துகொண்டிருந்தது. ஆறாவது போர் பக்கத்துத் தெருதான். அதே மண், அதே ஆழம், தண்ணீர் என்ன மாறிவிடப் போகிறது? ஆறாவதிலேயே இன்னொரு பாட்டில் பிடித்து, 7 என்று எழுதிவிட்டேன். லேபில் இரண்டுக்கும் ஒரே அளவு வந்தது. வராமல் எங்கே போகும்? சாருக்குச் சந்தேகம் வரக்கூடாதே என்று, புள்ளிக்குப் பின்னால் இருந்த எண்களைக் கொஞ்சம் மாற்றி எழுதினேன். கூசவில்லை. புத்திசாலித்தனம் என்றுதான் நினைத்தேன்.

கடைசி நாள் வெள்ளிக்கிழமை, மாலை ஐந்து மணி. என்னிடம் லேப்டாப் கிடையாது. போனில் கான்பரன்ஸ் வெப்சைட் திறக்கவில்லை. நாலு மணிக்குப் பென் டிரைவோடு சென்டருக்கு ஓடினேன். அக்கா எல்லாவற்றையும் ஏற்றி முடிக்கும்போது நாலு இருபது. பட்டென்று கரண்ட் போனது. யூ.பி.எஸ். பீப் பீப் என்று கத்த ஆரம்பித்தது.

"இருவது நிமிசம் தாங்கும். படி" என்று கையை மடியில் வைத்துக்கொண்டார்.

"அக்கா, டைம் இல்லக்கா. எல்லாம் நான் எழுதினதுதான். அனுப்பிடலாங்கா."

"இங்கிலீஷ் எனக்கு எழுத்துதான் தெரியும், அர்த்தம் தெரியாது. நீதான் சொல்லணும். தமிழ்ல சொல்லு."

வேறு வழியில்லை. வரிவரியாகச் சொன்னேன். பன்னிரண்டு போரில் தண்ணீர் எடுத்தோம், பத்து நிமிடம் மோட்டாரை ஓடவிட்டு எடுத்தோம் என்றேன்.

"எடுத்தோம்னா யாரு யாரு?"

"நான்தாங்கா."

"அப்ப எடுத்தேன்னு சொல்லு. பன்னெண்டும் நீயே போய்ப் பாத்து எடுத்தியா?"

யூ.பி.எஸ். கத்திக்கொண்டிருந்தது. "ஆமாங்கா" என்றேன்.

"எந்தெந்த எடம்?"

விரல் விட்டுச் சொன்னேன். ஏழாவதைச் சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் குடியிருந்தது அந்தத் தெருவில்தான் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

"எங்க தெரு போரா? அதுலயும் எடுத்தியா? தண்ணி எப்டி நைனா கீது?"

"நல்லாக் கீதுக்கா. எல்லாம் லிமிட்டுக்குள்ளதான்."

"குடிக்கலாமா? என் தங்கச்சி பிரசவத்துக்கு வந்துகீறா. கொழந்தைக்கு மூணு மாசம். தாய்ப்பால் பத்தல, பவுடர் பால்தான் கலக்கிக் குடுக்குறோம். அதுக்கோசரம் கேன் தண்ணி வாங்கிகினு கீறோம்."

அந்த இடத்தில் ஒரு வார்த்தை, "எதுக்கும் கேன் தண்ணியே குடுங்கக்கா" என்று சொல்லியிருக்கலாம். நாக்கு அறுந்தா போயிருக்கும்? நான் சொன்னது, "தாராளமாக் குடிக்கலாங்கா." அந்தத் 'தாராளமா'வை என்னிடம் யாரும் கேட்கவில்லை. நானாகச் சேர்த்துக்கொண்டேன்.

அக்கா சிவப்பு மவுஸை என் பக்கம் தள்ளினார். அமுக்கினேன். பச்சை எழுத்தில் ஒரு நன்றி வந்தது. போனில் மெயிலும் வந்தது. அடுத்த நிமிடமே யூ.பி.எஸ். உயிரை விட்டது.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. கரண்ட் இல்லாத கடையில் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். வேலை முடிந்த கொழுப்பில், "இன்னாத்துக்குக்கா உங்களுக்கு இந்த வீம்பு? நீங்களே அமுக்கினா இன்னா?" என்று கேட்டேன். கிண்டலாகத்தான் கேட்டேன். அவர் நேராகவே பதில் சொல்லிவிட்டார்.

சென்டர் வைப்பதற்கு முன்னால் அவர் ஒரு கான்டிராக்டர் ஆபீஸில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தாராம். தினமும் காலையில் வேலைக்கு வருகிற ஆட்களுக்கெல்லாம் பாதுகாப்புப் பயிற்சி கொடுத்ததாகக் கம்ப்யூட்டரில் பதிய வேண்டும். பயிற்சியும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. மேலே ஒரு கட்டம் இருக்கும். அதில் டிக் அடித்தால் எல்லாப் பெயருக்கும் சேர்த்து டிக் விழும். அப்புறம் ஒரே அமுக்கு.

"ஒரு நாளு ஒருத்தனுக்கு ரோலர்ல கை போயிட்ச்சி. மொழங்கை வரைக்கும். விசாரணைக்கு வந்தவங்க பேப்பரை எடுத்து நீட்றாங்க. பயிற்சி குடுத்தாச்சி, ஒம்பது பன்னெண்டுக்குன்னு கீது. ஒம்பது பன்னெண்டுக்கு அவன் பஸ்ல வந்துகினு இருந்தான்டா. முப்பத்தியொரு பேருல அவன் பேரும் ஒண்ணு. அவன் மேலதான் தப்புன்னு எழுதிட்டாங்க. அவன் பொண்டாட்டி என்னாண்ட வந்து, ஏம்மா, நீ பாத்தியா அவருக்குச் சொல்லிக் குடுத்ததன்னு கேட்டா. நான் இன்னா சொல்ல? நான் அமுக்குனேன். அவ்ளோதான்."

மழைச் சத்தத்தில் அவர் குரல் பாதிதான் கேட்டது. நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதில் அந்த நன்றி மெயில் திறந்தே இருந்தது. அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. "பாவங்கா" என்றேன். யாரைச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது.

கரண்ட் வந்ததும் அக்கா என் அப்ஸ்ட்ராக்டை ஒரு காப்பி எடுத்தார். "ஏழாம் நம்பரப் பத்தித் தமிழ்ல ரெண்டு வரி எழுதிக் குடு நைனா" என்றார். எழுதிக் கொடுத்தேன். இந்தத் தெருவின் போர் தண்ணீர் பரிசோதிக்கப்பட்டது, குடிப்பதற்கு ஏற்றது. அதை டைப் அடித்து, அடியில் 'விவரத்துக்கு' என்று போட்டுத் தன் பெயரைச் சேர்த்தார். இரண்டையும் முதுகோடு முதுகாக வைத்து லேமினேஷன் போட்டார். ஊரில் எல்லாரையும் நாலு தடவை கேட்கிற அந்த அக்கா, என்னை ஒரு தடவைக்கு மேல் கேட்கவில்லை. படித்த பிள்ளை என்ற நம்பிக்கை.

ஒரு வாரம் கழித்து அந்தத் தெரு வழியாகப் போனபோது பார்த்தேன். மோட்டார் ரூம் கம்பியில், சணல் கயிறு போட்டு, அது தொங்கிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே குடங்கள் வரிசையாக நின்றன. வண்டியை நிறுத்தாமல் போய்விட்டேன்.

அப்ஸ்ட்ராக்ட் தேர்வாகிவிட்டது. வீட்டில் அம்மா பாயசம் வைத்தார். இரண்டு மாதம் போயிருக்கும். ஒரு நாள் சென்டர் பூட்டியிருந்தது. மறுநாளும் பூட்டியிருந்தது. பிரியாணிக் கடைக்காரர்தான் சொன்னார். "அந்தக்கா தங்கச்சி கொழந்தைக்கு ஒடம்பு சரியில்ல. ஆஸ்பத்திரில வச்சிகீறாங்க. வயித்தால போவுதாம், ஒடம்பு ஒரு மாதிரி வெளுத்துப் போச்சாம்."

அந்தக் குழந்தைக்கு வந்ததற்கும் தண்ணீருக்கும் சம்பந்தம் உண்டா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. எந்த டாக்டரும் அப்படிச் சொல்லவில்லை. குழந்தை பிழைத்து வீட்டுக்கு வந்துவிட்டது. ஆனால் அன்றைக்கு அந்தக் கடையிலிருந்து வீட்டுக்கு ஓடிப் பாட்டிலை எடுத்துக்கொண்டேன். நேராக அந்தத் தெருவுக்குப் போனேன். சாவிக்காரர் இருந்தார். மோட்டார் போடச் சொன்னேன். கடிகாரத்தைப் பார்த்துப் பத்து நிமிடம் ஓடவிட்டேன். பாட்டிலை மூன்று முறை கழுவினேன். பிடித்தேன். முதல் தடவையே செய்திருந்தால் மொத்தமே கால் மணி நேர வேலை.

லேபில் கொடுத்துப் பார்த்தபோது, நைட்ரேட் வரம்பைத் தாண்டியிருந்தது. கொஞ்சம் தாண்டவில்லை, நன்றாகவே தாண்டியிருந்தது. கைக்குழந்தைக்குப் பால் கலக்கவே கூடாத தண்ணீர். காய்ச்சினாலும் நைட்ரேட் போகாது, அளவு இன்னும் கூடத்தான் செய்யும். இதெல்லாம் என் முதல் செமஸ்டர் பாடத்திலேயே இருந்தது. பரீட்சையில் நன்றாக எழுதி மார்க் வாங்கியிருந்தேன்.

சென்டர் திறந்த அன்று போய்ச் சொன்னேன். கடையில் வேறு யாரும் இல்லை. கத்துவார், செருப்பால் அடிப்பார் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"அன்னிக்கு அந்தத் தண்ணிய நீ எடுத்தியா, எடுக்கலியா?"

"எடுக்கலக்கா."

"நான் கேட்டேனே நைனா."

அவ்வளவுதான். அந்தச் சிவப்பு மவுஸை எடுத்து அட்டை மேல் நேராக வைத்தார். பிறகு தனக்குள் சொல்லிக்கொள்வது மாதிரி, "ஊருல எல்லாத்தையும் நீ அமுக்கு, நீ அமுக்குன்னு சொல்லிகினு, எங்க தெருவுக்கு நானே அமுக்கிட்டேன் பாரு" என்றார். கடையைப் பாதி ஷட்டர் இறக்கிவிட்டு, "வா" என்றார்.

முதலில் போய் அந்த அட்டையை அவிழ்த்தார். முடிச்சு இறுகிப் போயிருந்தது. பல்லால் கடித்து அவிழ்த்தார். பிறகு வீடு வீடாகப் போனார். பதினேழு வீடு. நான் பின்னாலேயே போனேன். ஒவ்வொரு வாசலிலும் அதே வார்த்தைதான்.

"போர் தண்ணி நல்லாக் கீதுன்னு அட்டை மாட்டுனேன்ல, அது தப்பு. கொழந்தைங்களுக்குக் குடுக்காதீங்க. நான் பாக்காம சொல்லிட்டேன்."

ஒரு வீட்டில், வெயிலில் வந்திருக்கிறார்களே என்று அந்தம்மா முதலில் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து என் கையில் கொடுத்துவிட்டார். அந்தத் தண்ணீர்தான். குடிக்கவும் முடியவில்லை, கீழே வைக்கவும் முடியவில்லை. அக்கா சொல்லி முடிக்கும்வரை சொம்பைப் பிடித்துக்கொண்டே நின்றேன். இன்னொரு வீட்டுப் பெண், மாசமாக இருந்தாள், பிலுபிலுவென்று பிடித்துக்கொண்டாள். "உன்ன நம்பித்தானக்கா கேனை நிறுத்துனோம்? பேரு போட்டு மாட்டுனியே! படிச்சவங்க பண்ற வேலையா இது?"

"ஆமா, என்னை நம்பித்தான்" என்றார் அக்கா. "திட்டு. ஆனா அந்தத் தண்ணி வேணா."

அவர் திரும்பி என்னைப் பார்க்கவே இல்லை. நானும் ஒரு வீட்டில்கூட வாய் திறக்கவில்லை. பத்தாவது வீட்டில் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அப்புறம் பன்னிரண்டாவதில். கடைசி வீட்டில் ஒரு மனிதர் ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். என்னைக் காட்டி, "இந்தத் தம்பி யாரு?" என்றார்.

"தண்ணிய டெஸ்ட் பண்ண புள்ள. இவன் வந்து சொல்லித்தான் நமக்குத் தெரிஞ்சிது."

"நல்லா இருப்பா" என்று அந்த மனிதர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். குலுக்கிக்கொண்டேன்.

கடைக்குத் திரும்பியதும் அக்கா கம்ப்யூட்டரைப் போட்டார். என் மெயிலைத் திறக்கச் சொன்னார். "கோயம்புத்தூருக்கு எழுதணும். நீ சொல்லு, நான் அடிக்கிறேன்." சொன்னேன். ஏழாம் எண் தண்ணீரை நான் எடுக்கவில்லை, ஆறாம் எண்ணிலேயே இரண்டு பாட்டில் பிடித்தேன், எண்களை மாற்றி எழுதினேன், அந்தத் தண்ணீர் குடிக்கத் தகுந்தது இல்லை, என் அப்ஸ்ட்ராக்டை எடுத்துவிடுங்கள். அடித்து முடித்துவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டார்.

வாய்விட்டுப் படித்தேன். சிவப்பு மவுஸில் கை வைத்தேன். சாருடைய முகம், தோளில் தட்டியது, அம்மாவின் பாயசம் எல்லாம் வந்து விரல் மேல் உட்கார்ந்துகொண்டன.

"சாராண்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு... நாளைக்கு அனுப்பிடறேங்கா."

அக்கா என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் அமுக்கியிருப்பேன் என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டதுண்டு. அதுவும் பொய்தான்.

"சரி நைனா. உன் காயிதம்" என்றார்.

சாரிடம் பாட்டில் மாறிவிட்டது என்றுதான் சொன்னேன். "ஒரு சாம்பிள்தானப்பா. அப்ஸ்ட்ராக்ட் புக்கு பிரிண்டுக்குப் போயாச்சு. இப்ப எடுத்தா டிபார்ட்மென்ட் பேருதான் கெடும். முழு பேப்பர்ல திருத்திக்கலாம்" என்றார். முழு பேப்பர் எழுதப்படவே இல்லை. கோயம்புத்தூருக்குப் போனேன். கடன் வாங்கிய கோட் போட்டுக்கொண்டு பேசினேன். ஏழாம் எண்ணைப் பற்றி யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. மத்தியானச் சாப்பாட்டில் இரண்டு இனிப்பு போட்டார்கள்.

திரும்பி வந்தபின் ரோட்டின் எதிர்ப்பக்கமாகவே நடக்கப் பழகிக்கொண்டேன். ஒரே ஒரு நாள் டயர் கடை வாசலில் நேருக்கு நேர் மாட்டிக்கொண்டேன்.

"போய்ட்டு வந்தியா?"

"வந்தேங்கா."

"சரி."

மெயிலைப் பற்றி அவர் கேட்கவில்லை. அந்தச் 'சரி'யில் எல்லாம் தெரிந்திருந்தது. தங்கை குழந்தையைத் தூக்கிக்கொண்டு புருஷன் வீட்டுக்குப் போய்விட்டாள் என்றும், தெருவில் பாதிப் பேர் அக்காவோடு பேசுவதில்லை என்றும், பாஸ்போர்ட்டுக்கும் பட்டாவுக்கும் ஸ்டேஷன் பக்கம் புதிதாக வந்த இன்னொரு சென்டருக்குப் போகிறார்கள் என்றும் பிரியாணிக் கடைக்காரர் பிறகு சொன்னார். அங்கே எல்லாவற்றையும் அவர்களே அமுக்கித் தருகிறார்களாம், அஞ்சு நிமிஷத்தில் வேலை முடிகிறதாம். ரோட்டை அகலப்படுத்தியபோது அக்காவின் கடை இடிபட்டது. ஆந்திர எல்லையில் இருக்கிற தடா பக்கம் போய்விட்டார் என்றார்கள். நான் தேடிப் போகவில்லை.

இப்போது காட்டுப்பள்ளிப் பக்கம் ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். தினமும் ரிப்போர்ட்டுகளில் கையெழுத்துப் போடுகிறேன். அந்த மெயில் அனுப்பாத மெயில்களுக்கு நடுவே பல வருஷம் அப்படியே கிடந்தது. அக்கா அடித்தது. ஒரு எழுத்துகூடப் பிசகியிருக்காது.

போன ஞாயிற்றுக்கிழமை அதைத் திறந்து அமுக்கிவிட்டேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, திரும்பி வந்துவிட்டது. அப்படி ஒரு முகவரியே இல்லையாம். அந்தக் கான்பரன்ஸ் எப்போதோ முடிந்து, அதற்கென்று திறந்த மெயிலையும் மூடிவிட்டிருக்கிறார்கள். திரும்பி வந்ததை மேலேயிருந்து கீழே வரைக்கும் வாய்விட்டுப் படித்தேன். ஏழாம் எண் தண்ணீரை நான் எடுக்கவில்லை என்கிற வரி வந்தபோது, என் குரல் எனக்கே சத்தமாகக் கேட்டது.

சமையல்கட்டிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தார். "யாராண்டடா பேசிகினு கீற?"

"யாரும் இல்லம்மா" என்றேன்.